கடவுள் பேசும் கூட்டத்தில் குடியை விடலாமா?

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒரு தோழர், வெகுநாளாய் நம் இயக்கத்தில் ஈடுபட்டவர், குடியை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆன நிலையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கேள்வி அவருடையதானாலும் அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியதல்ல. இதே சங்கதியை வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவே பதிலை அவருக்குத் தனியாய்ச் சொல்லாமல் பத்திரிகையிலேயே எழுதுகிறோம்.

தோழரைப் பத்து நாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மருந்து உடம்புக்குச் சரி. இனிமேல் வாரம் ஒரு தடவையாவது, குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்திற்குப் போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டம் பக்கத்துப் பட்டணத்தில், ஒரு மாதாகோவிலை ஒட்டிய அறையில், சனிக்கிழமை சாயந்தரம் நடக்கின்றதாம். சுவரில் பன்னிரண்டு படிகள் என்று ஓர் அட்டை தொங்குகின்றதாம். அந்தப் படிகளில் பாதி கடவுளும், நம்மைவிடப் பெரிய சக்தியும், பிரார்த்தனையுமாய் இருக்கின்றதாம். கூட்டம் முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று ஒரு ஜெபம் சொல்லுகிறார்களாம். "இருபது வருஷமாய்க் கடவுள் இல்லை என்று மேடையில் பேசியவன் நான். அங்கே போய் உட்கார்ந்தால் என் கொள்கை என்னாவது? போகாவிட்டால் நான் என்னாவேன்?" என்று கேட்கிறார்.

இதற்கு நமது பதில், போக வேண்டும் என்பதுதான். போகலாம் என்றுகூட அல்ல. கட்டாயம் போக வேண்டும், வருகிற சனிக்கிழமையே போக வேண்டும் என்கிறோம். சனிக்கிழமையைச் சொல்லுவதற்குக் காரணம் ஜோசியம் அல்ல. தறிக்காரனுக்கு அது வாரக் கூலி கைக்கு வருகிற நாள். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்து மணி வரைக்கும் சர்க்கார் கடை அவனுக்காகக் காத்திருக்கிற நாள். இத்தனை வருஷமாய்க் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிப் பழகின நாள். ஏழரை நாட்டுச் சனி என்று பஞ்சாங்கக்காரன் எதையோ சொல்லுகிறான். நமக்குத் தெரிந்த சனி இதுதான்.

சாமி பேர் சொல்லுகிற இடத்திற்கு ஆள் பிடித்து அனுப்பவா இந்தப் பத்திரிகை நடத்துகிறீர்கள் என்று சில தோழர்கள் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். கடவுள் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எழுந்து ஓடுவது பகுத்தறிவு ஆகாது. அப்படி ஓடுகிறவனுக்கும், தீட்டுப் பட்டுவிடும் என்று ஒதுங்கி ஓடுகிற வைதிகனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வஸ்துவைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்து, அதில் வேலை செய்கிறது எது, ஒட்டி வைத்த ஜிகினா எது என்று கண்டுகொள்ளுவதற்குத்தானே நாம் அறிவு அறிவு என்று கத்துகிறோம்? அந்த வேலையை இந்தக் கூட்டங்கள் விஷயத்திலும் செய்து பார்ப்போம்.

முதலாவது, குடிக்கிறவன் எல்லோரும் நோயாளி அல்ல. விடவேண்டும் என்று மனதார நினைத்தும் விடமுடியாமல், காலையில் கை நடுங்கி, அந்த நடுக்கம் நிற்பதற்காகவே மறுபடியும் குடிக்கிறவன் நோயாளி. அது முன்ஜென்ம பாவமும் அல்ல, செய்வினையும் அல்ல, தலையெழுத்தும் அல்ல. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்காரர்கள் தேசம் பூராவும் கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் மது அருந்துகிறவர்கள் சுமார் 16 கோடி என்றும், அவர்களில் உதவி தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்கள் 5 கோடியே 70 லட்சம் என்றும் கண்டிருக்கின்றது. அதைவிடக் கொடுமையான ஒரு கணக்கும் அதில் இருக்கிறது. குடிக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கின்றது. மற்ற 37 பேர் எங்கே போனார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள டில்லிக்குப் போகவேண்டியதில்லை. சங்கரன்கோவில் சந்நிதித் தெருவில் நின்று பார்த்தாலே போதும். கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் சக்கரம் ஒன்று இருக்கின்றது. புத்தி பேதலித்தவர்களை அதன்மேல் உட்காரவைத்தால் தெளிந்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையாய் வந்த நம்பிக்கை. புற்றுமண்ணோ சர்வரோக நிவாரணி. கரைத்துக் குடிக்கலாம், மேலெல்லாம் பூசலாம். கரையான் கட்டின மண்ணுக்கு அப்படி ஒரு சக்தி இருக்குமானால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுக்கைகள் காலியாய் அல்லவா கிடக்கவேண்டும்? நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பானேன்?

இனி, குடியை நிறுத்துவதற்கென்றே கயிறு கட்டும் சாமிகள் நம் ஜில்லாக்களில் எத்தனையோ. பெண்சாதி காதில் கிடந்ததை அடகு வைத்து, புருஷனை இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டுகிறாள். மீறினால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயத்தில் அவன் சில நாள் இருக்கிறான். அப்புறம் ஒரு நாள் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குடிக்கிறான். சாமி கண்ணைக் குத்துகிறதில்லை. அதைக் கண்டவுடன் அவனுக்குச் சாமி பயமும் போய்விடுகிறது, குடியும் இரட்டிப்பாகிறது. இது போதாதென்று, "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரெல்லாம் ஒட்டி ஒரு பொடி விற்கிறான். டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. டென்மார்க்குக்காரர்கள் 1948-இல் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கியது. அதைத் தின்றவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும்; உயிர் போகவும் போகும். ஆகையால்தான் டாக்டர்கள் அதை நோயாளிக்குத் தெரிவித்து, அவன் சம்மதத்தின்பேரில் மாத்திரம் கொடுக்கிறார்கள். சுவரொட்டிப் பொடியில் என்ன இருக்கின்றது என்று யாருக்குத் தெரியும்? தாலி நிலைக்க வேண்டும் என்று நினைத்துத் தானே புருஷனுக்கு விஷம் வைக்கிற நிலைமைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விடுகிறார்கள். நோயை நம்பிக்கையிடம் ஒப்படைத்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் நடந்ததைவிட வேறு சாட்சி வேண்டுமா? சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், தீப்பிடித்த கொட்டகையிலிருந்து எழுந்து ஓடவும் முடியாமல் செத்தார்கள்.

அப்படியானால் இந்தக் கூட்டமும் ஒரு கயிறுதானே, ஜெபம் சொல்லுகிறார்களே என்று தோழர் கேட்பார். இங்கேதான் நிதானமாய் யோசிக்க வேண்டும்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நேற்றுவரை கடை வாசலில் விழுந்து கிடந்தவன் இன்று கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு நாற்பத்தொரு நாள் துளிகூடத் தொடாமல் இருக்கிறான். மாலையைக் கழற்றின மறுநாள் பழையபடி கடைக்குப் போகிறான். பக்தர்கள் இதை ஐயப்பன் மகிமை என்கிறார்கள். நம்மவர்கள் இதை வெறும் பித்தலாட்டம் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேரும் விஷயத்தைக் கவனிக்கவில்லை என்போம். அந்த நாற்பத்தொரு நாளும் அவனைத் தாங்கினது எது? விடியற்காலையில் குளிக்கக் கூப்பிட நாலு பேர் வருகிறார்கள். சாயந்தரம், அதாவது அவன் கடைக்குப் போகிற அதே நேரத்தில், பஜனைக்குக் கூடுகிறார்கள். தெருவில் யாரைக் கண்டாலும் அவனை "சாமி" என்று மரியாதையாய்க் கூப்பிடுகிறார்கள். முந்தின வாரம்வரை "டேய்" என்றவனும் கூப்பிடுகிறான். தப்பினால் அத்தனை பேர் கண்ணிலும் படும். ஐயப்பன் மகிமையாயிருந்தால் நாற்பத்திரண்டாம் நாளும் ஐயப்பன் அங்கேயேதானே இருக்கிறார்? அவர் எங்கேயும் போகவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது, ஆகவே குடி திரும்பிவிட்டது. மனிதனை மனிதன் தாங்கினதற்குச் சாமி பேரில் ரசீது போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டங்களின் பூர்வோத்தரமும் இதையே சொல்லுகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பேர் வெளியிடாத குடிநோயாளிகள் என்ற இந்தச் சங்கம் 1935-இல் அமெரிக்காவில் ஏற்பட்டது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. ஏற்படுத்தினவர்கள் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரத் தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும். இருவரும் பெருங்குடிகாரர்கள். வில்சன் 1934 டிசம்பரில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடக்கும்போது அறை முழுவதும் ஒரு ஜோதியைக் கண்டாராம்; கடவுளே வந்தார் என்று நினைத்தாராம். அப்போது அவருக்கு அங்கே கொடுத்துவந்த சிகிச்சையில் பெல்லடோனா என்ற மருந்து சேர்ந்திருந்தது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியப்பண்ணுகிற மருந்து அது. வந்தது கடவுளா, பெல்லடோனாவா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும். நமக்கு முக்கியம் அடுத்து நடந்தது. வெளியே வந்த வில்சன் மாதக்கணக்காய்க் குடிகாரர்களைத் தேடிப் போய்த் தாம் கண்ட ஜோதியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஓர் ஆள்கூடக் குடியை விடவில்லை. அவருடைய டாக்டரே, "உம்முடைய ஜோதியை நிறுத்திவிட்டு வியாதியைப் பற்றிப் பேசும்" என்று சொல்லும்படி ஆயிற்று.

1935 மே மாதம் அக்ரான் என்ற ஊருக்கு வியாபார விஷயமாய்ப் போய், காரியம் தோற்று, ஓட்டல் கூடத்தில் தனியாய் நின்றார். ஒரு பக்கத்தில் சாராயக் கூடத்தின் சிரிப்புச் சத்தம். அவருக்கு நாக்கு ஊறிற்று. அந்த நேரத்தில் அவர் மண்டியிட்டு ஜோதியைக் கூப்பிட்டாரா என்றால் இல்லை. டெலிபோனை எடுத்து ஊரிலுள்ள பாதிரியாரிடம் பேசி, "இந்த ஊரில் என்னைப்போல் ஒரு குடிகாரன் இருந்தால் காட்டுங்கள், நான் அவனோடு பேசவேண்டும்" என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதில் வில்சன் அன்று தப்பினார், அடுத்த மாதம் டாக்டரும் கடைசிக் குடியைக் குடித்து முடித்தார். கடவுளை அந்தச் சங்கத்தில் கொண்டுவந்து வைத்தது, அவர்கள் பழகிவந்த ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவப் பிரசாரக் கூட்டத்தின் வாசனை. 1939-இல் பன்னிரண்டு படிகளைப் புத்தகமாய்ப் போடும்போதே ஜிம் பர்வெல் என்ற நாத்திகரும் இன்னும் சிலரும் சண்டை பிடித்து, மண்டியிட வேண்டும் என்ற வார்த்தையை எடுக்கச் செய்தார்கள். கடவுள் என்ற இடத்தில் அவரவர் விளங்கிக்கொண்டபடி என்று ஒட்டுப் போடச் செய்தார்கள். ஆகவே நம் தோழர் அந்த அறைக்குள் நுழையப்போகும் முதல் நாத்திகர் அல்ல. அவருக்கு முன்னே போனவர் சுவரிலிருக்கும் அட்டையையே திருத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 1975-இல் சிகாகோவில் நாத்திகர்களுக்கென்றே இதே சங்கத்தின் கிளை தொடங்கினார்கள். சாமி இல்லாமலே கூட்டம் நடத்தினார்கள். கூரை இடிந்து விழவில்லை.

இன்னும் பின்னே போனால் வேடிக்கையாய் இருக்கும். 1840 ஏப்ரலில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துச் சாராயக் கடையிலேயே உட்கார்ந்திருந்த ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டு ஒரு சங்கம் வைத்தார்கள். வாஷிங்டன் பேரால் அதற்குப் பேர் வைத்தார்கள். வாரந்தோறும் கூடி அவனவன் பட்டதைச் சொல்லவேண்டியது, புதியவனைக் கூட்டி வரவேண்டியது, இவ்வளவுதான் வேலை. ஜெபமும் இல்லை, உபதேசமும் இல்லை. சில வருஷத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். அதைக் கண்டு பாதிரிமார்கள் சந்தோஷப்பட்டார்களா? கடவுளை விட்டுவிட்டு மனிதனே மனிதனைத் திருத்துவதாவது என்று குறை சொன்னார்கள்! அரசியல் சண்டையில் நுழைந்தும் கட்டுப்பாடு இல்லாமலும் அந்தச் சங்கம் சீக்கிரத்தில் கலைந்துபோனது வேறு விஷயம். கடவுள் இல்லாமல் இந்தக் காரியம் நடந்திருக்கின்றது என்பதே நமக்குப் போதும்.

இவ்வளவும் கதை, பலன் என்ன என்று கேட்பது நியாயம். காக்ரேன் என்ற வைத்திய ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2020-இல் 27 ஆராய்ச்சிகளை, அதாவது 10,565 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தது. முறைப்படி இந்தக் கூட்டங்களில் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்துத் துளியும் குடியாமல் இருந்தவர்கள் 100-க்கு 42. மற்றச் சிகிச்சைகளில் 35. சர்வரோக நிவாரணி என்று எவனாவது சொன்னால் மீதி 58 பேர் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் புற்றுமண்ணுக்கும் கயிற்றுக்கும் இப்படி ஒரு கணக்கை எடுத்துக் காட்ட எந்த தேவஸ்தானம் முன்வரும்? பலன் எதனால் வருகின்றது என்றும் சோதித்திருக்கிறார்கள். குடிக்கிற சிநேகிதர் போய்க் குடிக்காத சிநேகிதர் வருவதும், ஆசை எழும் நேரத்தைச் சமாளிக்கலாம் என்ற தைரியம் ஏற்படுவதுமே பெரும்பாலோருக்கு முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். நம் தோழர் நன்றாய்க் கவனிக்க வேண்டியது 2002-இல் வந்த ஓர் ஆராய்ச்சி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தக் கூட்டங்களுக்குக் குறைவாகத்தான் போகிறார்கள். ஆனால் போனவர்கள் நம்பிக்கைக்காரர்கள் அளவுக்கே பலன் அடைகிறார்கள் என்பது அதன் முடிவு. அதாவது, நாத்திகனைக் கெடுப்பது அவன் நாத்திகம் அல்ல, அவன் வாசற்படியிலேயே நின்றுவிடுவதுதான்.

"என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளுவதுதான் முதல் படியாம். அது சுயமரியாதைக்கு விரோதமல்லவா?" என்றும் தோழர் கேட்கிறார். சர்க்கரை வியாதிக்காரன் ஜிலேபி எனக்கு ஆகாது என்று சொன்னால் ஜிலேபிக்கு அடிமைப்பட்டுவிட்டதாக அர்த்தமா? முதல் கிளாஸ் உள்ளே போனபின் என் பேச்சை என் உடம்பு கேட்பதில்லை என்று சொல்லுவது, கண்டறிந்த ஒரு உண்மையைச் சொல்லுவது. சுயமரியாதை கெடுவது அப்படிச் சொல்லுவதிலா, அல்லது சனிக்கிழமை ராத்திரி ராஜபாளையம் ரோட்டோரத்தில் வேட்டி நழுவிக் கிடப்பதிலா? முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆகையால் கடவுள் காப்பாற்றுவார் என்று அடுத்த படிக்கு இழுத்தால், அங்கே நம் தோழர் இறங்கிக்கொள்ளலாம். இந்தச் சங்கத்தில் சேரக் குடியை நிறுத்தும் ஆசை ஒன்றைத் தவிர வேறு நிபந்தனை இல்லை என்பது அவர்களே எழுதி வைத்த விதி. ஜெபம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், உட்கார்ந்தும் இருக்கலாம். யாராவது முறைத்தால் விதியைக் காட்டலாம்.

ஆனால் யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது. ஜெயிலில் இருந்த ஒரு நாத்திகரை, இந்தப் பன்னிரண்டு படிகளைப் படித்தால்தான் குடும்பத்தோடு தங்கிப் பார்க்கும் சலுகை உண்டு என்று அதிகாரிகள் சொன்னபோது, அது மதத்தைத் திணிப்பதாகும் என்று நியூயார்க் ராஜ்யத்தின் உயர்ந்த கோர்ட்டு 1996-இல் தீர்ப்புச் சொல்லிற்று. தானாய்ப் போவது வேறு, தள்ளப்படுவது வேறு.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரார் பார்த்துவிடுவார்களே என்கிறார் தோழர். குடித்ததை ஊர் பூராவும் பார்த்தாயிற்று. விட்டதைப் பார்த்தால் என்ன நஷ்டம்? ஆனாலும் சின்ன ஊரில் இருப்பவனுக்குப் பேர் வெளியே போகாமல் இருப்பது ஒரு தைரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பேரை மாத்திரம் சொல்லுகிறார்கள். குலம், கோத்திரம், உத்தியோகம் கிடையாது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாகாண சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறிய வேண்டும் என்று தீர்மானித்தோம். நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் எல்லாத் தெருக்காரனும் கலந்து உட்காருவது இன்றைக்கும் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஒரே வியாதிக்காரர்கள் என்ற ஒரே காரணத்திற்காக நாலு தெருக்காரர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒருவன் அழுவதை மற்றவன் கேட்கிறான் என்றால், அந்த மட்டிலாவது அந்த அறையில் நம் வேலை நடக்கிறது என்றே சொல்லுவோம்.

குற்றம் இல்லாத இடம் என்று நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை. குடியை விட்டவன் படிகளால் விட்டான், விடாதவன் உண்மையாய் நடக்கவில்லை என்கிற பேச்சு அவர்களுக்குள் உண்டு. இது, வரம் கிடைத்தால் சாமி மகிமை, கிடைக்காவிட்டால் உன் பக்தி போதாது என்கிற பூசாரிக் கணக்கேதான். யாராவது, "நமக்கு இந்தக் கூட்டமே மருந்து, டாக்டர் மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால் காதில் வாங்கவே கூடாது. இதை வாசித்துவிட்டு இன்றைக்கே நிறுத்துகிறேன் என்று கிளம்புகிற பெருங்குடிக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறவன் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு அலறி, உயிரே போகலாம். அதைப் பேய் பிடித்தது என்று கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாகடித்தவர்கள் உண்டு. முதலில் தென்காசி அல்லது பாளையங்கோட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 அல்லது 14446 என்ற நம்பருக்குக் காசில்லாமல் டெலிபோனில் கேட்கலாம். போதை மறுப்பு இல்லம் என்று பலகை மாட்டி அடைத்து வைத்து அடிக்கிற தனியார் இடங்களும் இருக்கின்றன. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேட்காமல் யாரையும் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள்.

சர்க்கார் கடைகளை மூடிவிட்டால் இத்தனையும் எதற்கு என்பவர்களுக்கு அதிகம் எழுத இடமில்லை. பெரியார் காங்கிரசில் இருந்தபோது கள்ளுக்கு விடக்கூடாதென்று தம் தோப்புத் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். அதே பெரியார் பிற்காலத்தில், சட்டம் போட்டுக் குடியை ஒழிக்க முடியாது என்று சொன்னார். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது, 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971-இல் போயிற்று, 1974-இல் திரும்பிற்று. பிறகு 1983-இல் டாஸ்மாக் வந்து, 2003 முதல் சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகின்றது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் குடித்து 60 பேருக்குமேல் செத்தார்கள். மரத்தை வெட்டலாம், கடையைப் பூட்டலாம். தாகத்தோடு நிற்கிறவன் சாயந்தரம் ஆறு மணிக்கு எங்கே போவான் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் ஷரத்து இல்லை.

வீட்டில் இருக்கும் அம்மாளைப் பற்றித் தோழர் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அடியும் பட்டு, பீடியும் சுற்றி, பிள்ளைகளையும் காப்பாற்றினவரிடம், "நீயே என்னைப் பார்த்துக்கொள், நான் எந்தக் கூட்டத்திற்கும் போக வேண்டாம்" என்று சொல்லுவது, குடியை விட்டபின்னும் அவர் தோளிலிருந்து இறங்காமல் இருப்பதாகும். புருஷனின் ஆசையை நாள் முழுதும் காவல் காப்பது பெண்சாதியின் வேலை அல்ல. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிச் சங்கம் 1951 முதல் இருக்கின்றது; அதை ஏற்படுத்தியவர்களில் ஒருவர் வில்சனின் மனைவிதான். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர், குடியால் கணவனை இழந்தபின் 1980-இல் இதற்கென்றே ஒரு வைத்திய ஸ்தாபனம் தொடங்கினார். அந்த ஸ்தாபனத்தார் 1989 முதல் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடிக்கே போய், கிராமத்தார் கொடுத்த இடத்தில் முகாம் போட்டுச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும் ஒரு அறையும் நாலு பேரும் இருந்தால் காரியம் நடக்கும் என்பதற்கு இதைச் சொல்லுகிறோம்.

அறை நம்மிடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கிறோம். சாயந்தரம் ஆறு மணிக்கு அதில் பத்திரிகை வாசிக்க மூன்று பேர், சீட்டாட ஏழு பேர். மாதாகோவில்காரன் குடிகாரனுக்கு ஓர் அறையும் பெஞ்சும் கொடுத்தான். ஆகவே குடிகாரன் அங்கே போகிறான். கடவுள் தேவையில்லை, மனிதனுக்கு மனிதன் போதும் என்று பேசுகிற நம் படிப்பகத்தில் வாரத்தில் ஒரு சாயந்தரம் அந்தப் பெஞ்சைப் போட எது தடை? சாமி இல்லாத இப்படிப்பட்ட சங்கங்களை அமெரிக்காவில் 1985 முதல் நடத்துகிறார்கள். 1994-இல் ஏற்பட்ட ஸ்மார்ட் ரிகவரி என்பது மனோதத்துவ சாஸ்திரத்தை வைத்தே நடக்கின்றது. செல்போனிலும் அவர்கள் கூட்டம் உண்டு. ஆனால் அநேகமாய் எல்லாம் இங்கிலீஷில். தமிழில், ஜெபம் இல்லாமல், சங்கரன்கோவிலிலேயே ஒன்று நடக்க வேண்டுமானால் அதைத் தொடங்கக் குடியை விட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கிறார். இன்னொருவரை எங்கே தேடுவது? அந்த மாதாகோவில் அறையில்தான் தேட வேண்டும். அதற்காகவும் அவர் போகட்டும். ஆனால் படிப்பகத்தில் ஏற்பாடாகும்வரை காத்திருக்கிறேன் என்று மாத்திரம் சொல்ல வேண்டாம். பத்தொன்பது நாள் ஆனவனுக்கு இருபதாம் நாள் நாளைக்கே வந்துவிடும்.

போய் என்ன பேசுவது என்று கடைசியாய்க் கேட்டிருக்கிறார். ஒன்றும் பேச வேண்டியதில்லை. சாயந்தரம் கூலி வாங்கினவுடன் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் சத்தத்திற்கு மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். உண்டியல் தட்டு வந்தால் இருப்பதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். முறை வரும்போது பேரைச் சொல்லி, இத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். முடிந்ததும் டீ கொடுப்பார்கள். அந்த டீயைக் குடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவரின் டெலிபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும்.